அவிந்த இறால்

சந்தியோகு அண்ணை இறாலின் தலையை மாட்டுவதற்கு முன் மூன்று முறை மூச்சிழுப்பார். முதல் இரண்டையும் மெல்ல வெளியே விடுவார். மூன்றாவதை நெஞ்சுக்குள் பூட்டி, பெருவிரலால் உதட்டில் சின்னச் சிலுவை போட்டுவிட்டுத்தான் தலையைக் கவிழ்ப்பார். குருநகரிலிருந்து இருபத்திரண்டு வருடம் கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடித்த சுழியோடி. போன மாரியில் ஒரு செவிப்பறை கிழிந்தது. இனிக் கடலுக்குள் இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாண நகரில் புதிதாகக் கிளை திறந்த இணைய நிறுவனம் ஒன்று, சிரிக்கும் இறாலொன்றைத் தன் அடையாளமாக வைத்திருந்தது. பெயர் துள்ளி. மீசைகள் சிக்னல் கோடுகள். கண்கள் மினுங்கும் பல்புகள். கிளை வாசலில் துள்ளி பத்து நாள் ஆட வேண்டும், பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டும். தவறாமல் நின்றால் அங்கேயே இரவுக் காவலுக்கு வாச்சர் வேலை என்று விளம்பரப் பொறுப்பாளர் றமேஸ் சொல்லியிருந்தார். அண்ணை வந்தது அந்த வேலைக்காகத்தான். நான் பக்கத்தில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தேன்.

முதல்நாள் உடுப்பைக் கண்டதும் அண்ணை சிரித்தார்.

"உந்தப் படத்தைக் கீறினவன் கடலைக் கண்டிருக்கமாட்டான். சிவத்த இறால் எண்டா அவிஞ்ச இறாலெல்லோ, தம்பி."

"மெல்லக் கதையுங்கோ அண்ணை."

"ஏன், இறாலுக்குக் கேட்டிடுமோ?"

உள்ளே பசையும் யாரோ ஒருவரின் பழைய வியர்வையும் நாறின. அதை மூச்சாக இழுக்க அவருக்கு மனமில்லை. கடலில் செய்ததையே செய்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஆடுவார். ஒன்றரை நிமிடத்தில் கதவுக்குப் பின்னால் போய்த் தலையைத் தூக்கி 'ஊப்' என்று ஊதுவார். நாலாம் நாள் றமேஸ் கண்டுவிட்டார்.

"ஒரு பிள்ளை உங்கடை முகத்தைக் கண்டாலும் துள்ளி செத்துது, விளங்குதோ? இனி அரை மணித்தியாலத்துக்குத் தலையைக் கழட்டக்கூடாது."

எட்டாம் நாள் பின்னேரம் துள்ளி ஆடிக்கொண்டே சரிந்து விழுந்தது. சனம் கைதட்டியது. நாலைந்து பிள்ளைகள் அதன் வயிற்றில் ஏறிக் குதித்தார்கள். பெற்றோர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கண்கள் மினுங்கிக்கொண்டேயிருந்தன. கையுறைக்குள் விரல்கள் அசையாததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று இன்றும் எண்ணிப்பார்க்க விருப்பமில்லை. பிறகுதான் பிள்ளைகளை விலக்கித் தலையைப் பிடுங்கினேன். அண்ணையின் முகம் இறாலைவிடச் சிவந்திருந்தது. ஒரு சிறுமி வீரிட்டாள்.

தண்ணீர் தெளித்ததும் அவர் கண்ணைத் திறந்தார். றமேஸ் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"சனத்துக்கு முன்னாலை ஏன் கழட்டினனீர்?"

அடுத்தநாள் காலை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த வீடியோ வந்தது. முகம் தெரிந்த பகுதியை வெட்டியிருந்தார்கள். மேலே குண்டு குண்டு எழுத்தில், 'துள்ளிக்கு நித்திரை! நீங்களும் விழுந்து காட்டுங்கள்.' மத்தியானத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். றமேஸின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"அண்ணை, இண்டைக்கும் நாளைக்கும் ஆறு மணிக்கு அப்பிடியே விழுங்கோ. சனம் அதுக்குத்தான் வருது."

"விழுறன். வாச்சர் வேலை?"

"அதைப் பிறகு கதைப்பம்."

இரண்டு நாளும் விழுந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி மிதித்தார்கள். இறங்கி வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்புப் பலூன் கொடுத்தது நான். முடிய முடிய இன்னும் ஊதிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் முடிந்ததும் அண்ணை வேலையைக் கேட்டார். றமேஸ் போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"வாச்சருக்குக் காது வடிவாக் கேக்கோணும் அண்ணை. உங்களுக்கு ஒண்டு சரியில்லையெல்லோ."

அண்ணை வாசலிலேயே உடுப்பை உரித்துப் போட்டார்.

"திண்டு முடிஞ்சுது. உரிச்ச கோதை நீங்களே வைச்சிருங்கோ," என்றுவிட்டுப் பனியனோடு குருநகர்ப் பக்கம் நடந்தார்.

உடுப்பைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு விழுந்தது. அப்போதுதான் தலையின் உட்புறம், நெற்றி முட்டும் இடத்தில், ஒரு சின்ன ஃபானைக் கண்டேன். காற்று வருவதற்காக வைத்துத் தைத்தது. அதன் வயரை வெட்டிக் கண்களின் பல்புகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.