காலனி முக்கில் நிற்காத பஸ்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது நிஜமாகவே செந்தில்நாதனுக்கு நடந்தது. போன ஐப்பசியில், மைசூரில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த டவுன் பஸ்ஸுக்குள். கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். கணக்குப் போடுகிற ஆள்.

அந்தக் கணக்குதான் வினையாகிவிட்டது. விஜயநகர் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஹெப்பாள் பஸ் கூலிக்காரர்களின் காலனிக்குள் புகுந்து சுற்றுகிறது, நேராக விட்டால் விஜயநகரில் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மனு எழுதினார். மனுவில் தப்பில்லை. காலனி ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அவரையே எண்ணிச் சொல்லச் சொன்னார்கள் பஸ் டிப்போவில். அதற்கு ஆடிப்பெருக்கு வாரமாகப் பார்த்துப் போய் நின்றார் பாருங்கள், அதுதான் பாவம்! காலனி முழுக்க ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள். அந்த வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அவரும் ஹனூர்க்காரர்தான், தெரியாமல் இருக்குமா? ஸ்டாப்பில் ஈ காக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பஸ் வழி மாறியது. காலனி முக்கில்கூட நிற்பதில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தூறல். ஹெப்பாளில் வேலை முடிந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெண்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார் கண்டக்டர் உமேஷ்.

செந்தில்நாதன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினாள்? ஆண்கள் சீட்டில் ஏன் உட்கார்ந்தாள்? உமேஷ் அவளைப் பார்க்காமலே தாண்டிப் போனார். டிக்கெட் கொடுக்கவில்லை...

சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சீட் நனையவில்லை.

"ஏனுங்க, காலனி முக்குல நிக்குமுங்களா?"

"நிக்காதும்மா. வழிய மாத்திட்டாங்க."

"ஆருங்க மாத்துனது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியலம்மா."

"நிறுத்தச் சொல்லுங்க சாமி. முக்குல... பள்ளத்தோரம்..."

வாயைத் திறந்தார். நிறுத்தச் சொன்னால், 'நீங்கதானே சார் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க' என்று உமேஷ் எல்லார் முன்னாலும் கேட்பார். அவள் காதில் விழும். மூடிக்கொண்டார்.

முக்கு வந்தது.

தட்.

தட்... தட்...

வெளியே. பஸ்ஸின் தகரத்தில்.

"யாரு தட்றது? இங்க ஸ்டாப் இல்ல, கொத்தா? தெரியாதா?" உமேஷ் கத்தினார்.

பஸ் நிற்கவில்லை.

செந்தில்நாதன் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் யாருமில்லை...

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலனிக்கே போய்விட்டார். ஒரு வீட்டு வாசலில் பந்தல். மாலை போட்ட படத்தில் அவள் முகம்.

"எந் தங்கச்சிங்க, பூவாத்தா," என்றாள் அங்கிருந்த லிங்கம்மா. "பஸ்ஸு உள்ள வராததுல இருந்து ஹெப்பாள்ல இருந்து நடந்தேதான் வருவா. திங்கக்கெழம சாயங்காலம், தூறல்ல, லாரிக்காரன் இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். முக்குப் பள்ளத்துல கெடந்தா."

"உடனே... போயிட்டாங்களா?"

"இல்லீங்க. ஓவர்டைம் பாக்குறான்னு நாங்க தேடாம இருந்துட்டோம். விடியக்காலைல பால்காரரு பாக்கறப்பவும் உடம்புல சூடு இருந்துச்சுங்க. ராத்திரி பூரா உசுரோட கெடந்திருக்கா. சாயங்காலமே ஆராச்சும் பாத்திருந்தாப் பொழச்சிருப்பான்னு டாக்டர் சொல்றாரு."

அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

லிங்கம்மா அழுதுகொண்டே கேட்டாள்:

"ஏனுங்க, அந்த நேரத்துல அந்த வழியா ஒரு பஸ்ஸுகூடவா போகல?"