ஏறியோர் ஆறு, இறங்கியோர் ஐந்து

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் நம்பாத கூட்டத்தில்தான் நாற்பத்தொன்பது வருஷம் இருந்தேன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "முகவரி இருக்கா? போய்ப் பார்க்கலாம்" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இதில் வரும் நேரமெல்லாம் என் கைக்கடிகாரப்படி. அது ஒரு நிமிஷம்கூடப் பொய் சொல்லாது. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. 'ஊரகப் பொதுப் பேருந்துச் சேவைப் பயன்பாட்டு மதிப்பாய்வுப் பிரிவு' என்று வாசலில் பலகை தொங்கும். பஸ்ஸில் ஏறித் தலை எண்ணுவது என்று அர்த்தம். எங்கள் பிரிவு அதிகாரி பஸ்ஸில் ஏறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஆனால் பஸ்ஸைப் பற்றி இரண்டு மணி நேரம் நிற்காமல் பேசுவார். பஸ்கூட நடுவில் பதினான்கு இடத்தில் நிற்கும்.

இந்த முறை எனக்கு விழுந்தது ஒரு கடைசி வண்டி. கோடியில் இருக்கும் கிராமத்தில் மாலை 6.40-க்குக் கிளம்பி, 7.50-க்கு டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். மூன்று நாள் எண்ண வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியோர் எத்தனை, இறங்கியோர் எத்தனை. சராசரி ஆறு பேர் இருந்தால் வண்டி பிழைத்தது. ஐந்து என்றால் நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. பத்தாவது நிறுத்தம் தாண்டும்போது வண்டியில் ஐந்து பேர். குளிர்பதனக் கிடங்கு ஆட்கள் மூவர், ஒரு வாத்தியார், கிராமத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் ஒரு பெண். அவள்தான் என் படிவ அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்தப் போறீங்களா சார்?"

"எண்ணிக்கையைப் பொறுத்தது."

"இத விட்டா காலையிலதான் வண்டி. வீட்ல அம்மா படுத்த படுக்கை. நான் போய் ஊட்டினாத்தான் சாப்பாடு."

நான் படிவத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். படிவத்தின் முதல் உபயோகமே அதுதான். எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட வயதானவர்.

"இந்த ரூட்ட முன்னாடி எண்ண வந்திருக்கீங்களா?"

"இல்லையே."

உண்மையைத்தான் சொன்னேன்.

7.12. பதினோராவது நிறுத்தம். சுற்றிலும் வெறும் வயல். ஒரு விளக்கு இல்லை. சிமெண்ட் கூரையும் ஒரு பெஞ்சும் மட்டும். கை காட்ட ஆள் இல்லை. ஆனாலும் டிரைவர் நிறுத்தினார். பின்கதவு திறந்தது. ஒரு நிமிஷம் முழுசாக நின்றது. டிரைவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஏறினார்கள். பெண். கையில் துணிப்பை. கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

விசில் இல்லை. டிக்... டிக்... கண்டக்டர் கம்பியை இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது.

நான் எழுதினேன். ஏறியோர்: ஒன்று.

"அவங்களுக்கு டிக்கெட் போடலையா?"

"பாஸ்."

"எங்க இறங்குவாங்க?"

"இறங்க மாட்டாங்க சார்."

கண்டக்டர்களுக்கு நக்கல் கூடப் பிறந்தது என்று விட்டுவிட்டேன். 7.50-க்கு ஸ்டாண்டில் ஐந்து பேர் இறங்கினார்கள். ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் கடைசி சீட் காலி. சீட் மட்டும் நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

புதன்கிழமை நடுவில் உட்கார்ந்தேன். அதே 7.12. அதே ஒரு நிமிஷம். அவள் என்னைக் கடந்து போகவில்லை, ஆனாலும் முழங்கால்வரை குளிர்ந்தது. ஈர மண் வாசனை. ஏறியோர் ஆறு. இறங்கியோர் ஐந்து.

வியாழக்கிழமை பின்கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் இறங்கவில்லை. சொட்டு... சொட்டு... என்று தண்ணீர் மட்டும் சீட்டிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி வந்ததும் எழுந்துகொள்ளத் தயாராக இருப்பவர்கள் பிடிப்பதுபோல.

இறங்கும்போது கண்டக்டர் என் தோளைத் தொட்டார்.

"ஏறினத எழுதிக்குங்க. இறங்கினதா மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க."

வெள்ளிக்கிழமை அதிகாரி என் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏறினவங்க பதினெட்டு. இறங்கினவங்க பதினஞ்சு. மீதி மூணு பேர் பஸ்ஸுக்குள்ளயே குடித்தனம் நடத்துறாங்களாய்யா?"

"இல்ல சார், அது வந்து..."

"ஒண்ணு, ரெண்டு பக்கத்தையும் சமமாக்கு. இல்ல, அந்த மூணையும் அடி. அடிச்சா சராசரி அஞ்சு. வண்டி கட். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஆயாவின் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நான் பார்த்தே இராத கிழவி, வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அதனால் சமமாக்க உட்கார்ந்தேன். ஸ்டாண்டில் வேறொரு ஆள் தனியாக எண்ணுகிறான், அங்கே பொய் செல்லாது. மிச்சம் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினான்கு தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். என் வீட்டு நிறுத்தம். கை பழகிய இடத்துக்குப் போனது.

நிறுத்தம் பதினான்கு. இறங்கியோர்: ஒன்று. மூன்று தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது மணி 5.05.

அன்று மாலை வீட்டில் இருந்தேன். நான் தனி ஆள். மனைவி போய் நாலு வருஷம். வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் பழைய செய்தித்தாள்.

7.41. கடைசி வண்டி வரும் சத்தம். எங்கள் நிறுத்தத்தில் அது நிற்பதே இல்லை. இறங்க ஆள் கிடையாது.

நின்றது.

பின்கதவு திறந்தது. ஒரு நிமிஷம். பிறகு கம்பியில் இரண்டு தட்டு. வண்டி போய்விட்டது.

நடை... ஈரச் செருப்பின் நடை. சளக்... சளக்... அவசரமே இல்லை.

7.46. வாசல் கேட்டின் கொக்கி தூக்கப்பட்டது.

ஃப்ரிட்ஜ் நின்றுபோனது.

நான் திரும்பவில்லை.

நாற்காலி நகர்ந்தது.

விடிந்தபிறகுதான் திரும்பினேன். செய்தித்தாள் கட்டு தரையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் ஈரம்.

இரண்டு வாரம் கழித்துக் கண்டக்டர் போன் செய்தார்.

"வண்டிய நிறுத்தலையாம். ஆர்டர் வந்துடுச்சு. ஆயாப் பொண்ணு உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லுச்சு."

"நல்லது."

"பதினொண்ணுல இப்ப யாரும் ஏறல சார். அந்த வெள்ளிக்கிழம தண்ணீர்த் தொட்டிகிட்ட யாரோ கம்பிய தட்டினாங்க. நான் முன்னாடி நின்னுட்டிருந்தேன்... இறங்கினதா எழுதிட்டீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பதிவேட்டு அறைக்குப் போனேன். அதே ரூட்டின் பழைய கோப்பு. பதினொரு வருஷத்துக்கு முன் அந்தக் கடைசி வண்டியை ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய முதல் நாள், விஷயம் தெரியாமல் பதினோராவது நிறுத்தத்தில் ஒரு பெண் காத்திருந்திருக்கிறாள். ராத்திரி முழுக்க மழை. காலையில் பால்காரர் பார்த்தபோது பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாளாம். மடியில் பை. மழைக்காலம் முடிந்தபிறகுதான் வண்டியைத் திரும்ப விட்டார்கள்.

நிறுத்தச் சொன்ன மதிப்பாய்வுத் தாளும் உள்ளே இருந்தது. நிறுத்தம் பதினொன்று. மூன்று நாளும் ஏறியோர்: பூஜ்யம்.

கீழே என் கையெழுத்து.

ஞாபகம் வந்தது. மூன்று நாளும் கனமழை. நான் அலுவலகத்தைவிட்டு நகரவே இல்லை. மேஜையில் உட்கார்ந்தே நிரப்பினேன். எந்தெந்த ரூட் என்றுகூடப் பார்க்கவில்லை.

திருத்தத் தாள் ஒன்று கொடுத்தால் போதும். 'பதினான்கில் யாரும் இறங்கவில்லை.' ஒரு வரி. வெற்றுத் தாள் இதோ மேஜையில் இருக்கிறது. கொடுத்தால் ஏறிய மூன்றையும் அடித்துவிடுவார்கள், சராசரி ஐந்து. வண்டி நின்றுவிடும். அப்புறம் ஏதோ ஒரு நிறுத்தத்தில், இருட்டில், ஆயா உட்கார்ந்திருப்பாள்.

அதனால் எழுதவில்லை.

இப்போது மணி 7.41. வண்டி நிற்காமல் போகிறது. எதிர் நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருக்கிறாள்.

இன்னும் எதற்கோ காத்திருக்கிறாள்...