கைப்பிடி கழன்ற கெட்டில்

பெரிய கடையின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடமாக ஒரே கம்பெனியின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள் அவள். கம்பெனியின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டுவாள். கடையில் அவளுக்கு ‘டெமோக்காரம்மா’ என்றே பெயர். “நீ பேச ஆரம்பிச்சா தண்ணி இல்லாமயே கெட்டில் கொதிக்கும்” என்று புருஷன் கேலி செய்வான். அவன் தங்கை வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாமே அவள் சொல்லி வாங்கியவை.

ஒருநாள் காலை அந்த நாத்தனார் கெட்டிலைத் தூக்கும்போது கைப்பிடி கழன்றது. கொதிநீர் இரண்டு பாதங்களிலும் கொட்டியது. மூன்று வாரம் படுக்கை. அப்போதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

“நூத்துல ஒண்ணு அப்படி வரத்தான் செய்யும் அண்ணி. நீங்க ஏன் அழறீங்க?” என்று இவளைத்தான் தேற்றினாள்.

கோபம் வந்தது கம்பெனியின் கடிதம் வந்த பிறகு. நாலே வரி. பொருளில் குறையில்லை, கவனக்குறைவாகக் கையாண்டதே காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

“இத்தனை வருஷமா வேற கம்பெனி சாமானைக் கையால தொட்டதில்ல. எனக்குக் கெட்டில் பிடிக்கத் தெரியாதாமே!”

மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றினாள். வெந்த பாதத்தின் படத்தைக் குடியிருப்பிலுள்ள எல்லோருடைய போனுக்கும் அனுப்பினாள். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டாள். பிறகு சனிக்கிழமை தோறும் கடை வாசலில் வந்து நின்றாள், ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் கைப்பிடி. சத்தம் போடவில்லை. “வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுப் போங்க” என்பாள், அவ்வளவுதான். பலர் திரும்பிப் போனார்கள்.

மேலே வந்தவர்கள் டெமோக்காரம்மாவிடம் விசாரித்தார்கள். மேனேஜர் சொல்லிக்கொடுத்தபடி, “அது ஒரே ஒரு கேஸ்தாங்க” என்று இரண்டு சனிக்கிழமை சமாளித்தாள். மூன்றாவது வாரம் கைக்குழந்தையோடு ஒருவர் வந்து, “நம்பி வாங்கலாமா?” என்று கேட்டார். அவள் கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தாள்.

“வேணாம் சார். இதே மாதிரி ஏழு திரும்பி வந்துச்சு. நானே பேக் பண்ணி அனுப்பியிருக்கேன்.”

மேனேஜர் பின்னால்தான் நின்றிருந்தார். சாயங்காலம் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள். நடந்ததைச் சொன்னால் நாத்தனார் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள்.

நாத்தனார் கேட்டது ஒன்றுதான். “அந்த ஏழும் எப்ப திரும்பி வந்துச்சு?”

“அஞ்சு வந்தது... உன் கால்ல கொட்டறதுக்கு முன்னாடி. வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க.”

“கம்பெனிக்காரன் யாரோ எவனோ. நீங்க எனக்கு யாரு அண்ணி?”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாத்தனார் கடை வாசலுக்கு வரவில்லை. கம்பெனி அந்த ரகக் கெட்டிலைச் சத்தமில்லாமல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, அவளுக்குப் புதிதாக ஒன்றை அனுப்பியது. அவள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். வழக்கு இன்னும் நடக்கிறது. டெமோக்காரம்மாதான் முக்கிய சாட்சி. வாய்தா நாட்களில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். நாத்தனார் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கும். இவள் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்காருகிறாள்.