லினக்ஸும் அண்ணன் நம்பரும்

பாளையம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜெப ஷீலாவிடம் யாராவது விண்டோஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போச்சு, தொலைந்தார்கள். காசு கொடுக்காமல் ஏற்றிய விண்டோஸில் வைரஸ் புகுந்து, இருந்த ஃபைல் அத்தனையையும் பறிகொடுத்தவள் அவள். அன்றே, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறிவிட்டாள்.

"விண்டோஸுலதான் ஊரே புழங்குது, அதான் திருடனும் அங்கயே வாரான். லினக்ஸுல எது உள்ள ஏறணும்னாலும் எங்கிட்ட பாஸ்வேர்டு கேக்கணும்ல! ஆண்ட்ராய்டும் அதுக்குப் பங்காளிதான். நீங்கதான் கண்ட கண்ட ஆப்பையும் ஏத்திக் கெடுக்குறீக" என்று பாடம் எடுப்பாள். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் கடையில்தான் பிளஸ் டூ முடித்த நரிக்குடி சத்யபிரியாவின் காலேஜ் கவுன்சிலிங் கணக்கு திறக்க மறுத்தது. கோயம்புத்தூர் காலேஜை உறுதிசெய்ய அன்று சாயங்காலம்தான் கடைசி. பாஸ்வேர்டு தப்பு, தப்பு என்றே காட்டியது.

"வைரஸாக்கா?"

"எங்கடையிலயா? வாயக் கழுவுடி!" என்று சீறிக்கொண்டே ஷீலா கணக்கைத் துழாவினாள். முந்தின நாள்தான் பாஸ்வேர்டை யாரோ மாற்றியதாகத் திரையில் வந்தது. திரும்ப மாற்ற ஓடிபி வேண்டும். அது போகிற செல் நம்பரைப் பார்த்தாள்.

"யாரு நம்பரு இது?"

"எங்கண்ணன் தங்கபாண்டி நம்பருக்கா. பொம்பளப்புள்ள நம்பரு வேணாம்னு நீங்கதான போட்டீக. அவன்தான் மாத்திருப்பான், இந்தா இருக்க அருப்புக்கோட்டையத் தாண்டி என்ன அனுப்ப மாட்டேன்னு நிக்கிறான்." சத்யபிரியாவுக்கு அழுகை முட்டியது.

ஷீலாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வருகிற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணன் நம்பரோ அப்பா நம்பரோ போட்டது அவள் கைதான். வீட்டுக்குள்ளேயே சாவியைக் கொடுத்துவிட்ட பிறகு எந்த லினக்ஸ் வந்து தடுக்கும்?

வேறு வழியில்லை. அந்த நம்பருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நல்லவேளை, எடுத்தது சத்யபிரியாவின் அம்மா மாயக்காள்.

"அம்மா, அண்ணன் எங்க?"

"குளிக்கிறான். என்னத்தா?"

சத்யபிரியா திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். ஷீலா ஓடிபி அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். மாயக்காள், "நம்பரு வந்துருச்சு. வெரசா எழுது" என்றாள். "ரெண்டு... சைபரு... நாலு... நாலு... ஒண்ணு..."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். "யாரும்மா எம்போன்ல?"

ஷீலா திரையில் கட்டங்களை எண்ணினாள். இன்னும் ஒரு எண் பாக்கி.

"ராங் நம்பருப்பா" என்றாள் மாயக்காள். "ஏழு தடவ சொல்லிட்டேன், ஏழு தடவ! வைக்க மாட்டேங்குறான்."

சத்யபிரியா கடைசிக் கட்டத்தில் 7 என்று அடித்தாள். புது பாஸ்வேர்டு போட்டதும் கணக்கு திறந்தது.