கட்டிலடியில் கேழ்வரகு

நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்பதால் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஆறு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லைனில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அக்கா நாகர்கோவில்காரி. அந்த டிசம்பரில் அவர் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகத்தான் முடியவில்லை, குடிலையாவது இங்கே கட்டுவோம் என்று லைன் பிள்ளைகளை எல்லாம் கூட்டிவிட்டார்.

காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பேக்கிங் காகிதத்தைக் கசக்கி, மைதாப் பசையும் கரித்தூளும் தடவினால் பாறை. துடைப்பக்குச்சியில் நட்சத்திரம். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை நூலில் கோத்தால் தோரணம். குடிலின் முன்னால் பச்சைப் புல் வேண்டும். அதற்குத் தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஏழு வயதான என் மகளுக்கு வந்தது. கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. "புல்லு எங்க வீட்டுது" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"வெயில் படுத மாதிரி வச்சிரு, கேட்டியா" என்றார் அக்கா என்னிடம்.

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போட்ட கை இது. எனக்கே பாடமா! "அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா" என்றேன். முளைப்பாரியை நாங்கள் இருட்டறையில்தான் வளர்ப்போம். அடுத்தவர் கண் படவே கூடாது. அதே மாதிரி தட்டைக் கட்டிலடியில் தள்ளிக் கூடையால் மூடினேன். தண்ணீர் தெளிப்பதும் நானேதான், அதுவும் விளக்கைப் போடாமல்.

ஓசூர்க் குளிரில் முளைக்கவே நாளானது. ஒருநாள் நான் குழாயடி வரிசையில் நின்றபோது மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, கூடையத் தூக்கிப் பாத்தேன். மஞ்சளா இருக்கும்மா. ஆண்ட்டி சொன்ன மாதிரி வெளிய வைக்கலாம்மா."

"உன்னை யாருடி தொறக்கச் சொன்னது? பெரிய மனுஷி, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!"

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடையை எடுத்தேன். நாலு விரல் உயரம், நல்ல அடர்த்தி, அத்தனையும் வெளிறிய மஞ்சள். பச்சை மருந்துக்குக்கூட இல்லை. முளைப்பாரிக்கு அந்த நிறம் அழகு, புல்லுக்கு? மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அக்கா வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். "ஐயே, மஞ்சப் புல்லு!" என்று பிள்ளைகள் கத்தின.

"ஐயோ, இத யாரு இருட்டுல வச்சது?" என்றார் அக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் ஆண்ட்டி" என்றாள் மகள்.

திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன், பொய். வாயைத் திறக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. திறக்கவில்லை.

"போட்டும் மக்களே, தொழுவத்துல வைக்கோலும் கெடக்கும்லா" என்று அக்கா தட்டை வாங்கிக் குடிலுக்குள் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவ இல்லக்கா, நான்தான் வச்சேன். அவ சொன்னா, நான் கேக்கல" என்று ஒருவழியாகச் சொன்னேன். அக்கா சிரித்தார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். "நீ செய்யாததை ஏன்டி செஞ்சேன்னு சொன்ன?"

"எல்லார் முன்னாடியும் திட்டு வாங்குனா ஒரு மாதிரி இருக்கும்மா" என்றாள். "எனக்குப் பழகிருச்சு. உனக்குப் பழக்கம் இல்லல்ல?"