இடப்பக்கம் சுற்றிய இன்ஜின்

டீசல் இன்ஜின் சாமான் விற்கும் அந்தக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணன் இல்லையா?"

"உள்ளதான் இருக்கார். உங்களுக்கு அண்ணன் வேணுமா, பார்ட்ஸ் வேணுமா?"

கேட்டவர் அசடு வழிய நிற்பார். பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் நேராக வந்து, "நம்பரக்கா, இதுக்கு ஒண்ணு குடுங்க" என்று தேய்ந்துபோன சாமானை மேசையில் வைத்துவிடுவார்கள். அவள் அதை எடுத்து ஒரு திருப்பு திருப்பிப் பார்ப்பாள். எந்த இன்ஜின், எந்த மாடல், எத்தனையாவது அலமாரி என்பதெல்லாம் அதற்குள் அவள் நாக்கு நுனிக்கு வந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். நானூறு நம்பர்கள் மனப்பாடம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இந்தக் கடை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒட்டியிருந்த நம்பர்களைப் பார்த்ததும் பிறந்த வீட்டுக்கே வந்ததுபோல் இருந்ததாம் அவளுக்கு. வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். எந்த முகத்தையும் மறக்கமாட்டார், எந்த நம்பரும் நினைவில் நிற்காது. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே பதில், "இருக்கு." பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அவள் பாடு.

அந்த வியாழக்கிழமை கடைவாய்ப் பல் ஒன்று படுத்திய பாட்டில் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். கடையில் வீட்டுக்காரர் மட்டும். அந்த நேரம் பார்த்து, ஆற்றில் ஆள் ஏற்றி இறக்கும் படகுக்காரர் வந்து சேர்ந்தார். சாக்குப்பையில் ஒரு டீசல் பம்ப். துருப்பிடித்து இறுகிப்போனது. டாங்கில் இருக்கிற டீசலை அளந்து, இன்ஜினின் நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து அனுப்புகிற உறுப்பு அது. அது நின்றால் படகு நின்றது என்று அர்த்தம். படகு நின்றால், அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் வர வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை வேறு.

"இது மாதிரி இருக்குமா?"

"இருக்கு" என்றார் வீட்டுக்காரர். அச்சு அசலாக அதே மாதிரி இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தும் விட்டார்.

மறுநாள் காலை, கன்னம் வீங்கிய கோலத்தில் அவள் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தபோது படகுக்காரர் திரும்ப வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பம்ப் மாட்டிக்கிச்சும்மா. மூணு போல்ட்டும் அம்சமா உக்காந்துச்சு. கியரும் சேந்துச்சு. ஆனா எவ்வளவு சுத்தினாலும் ஒரு சொட்டு டீசல் வரல."

அவள் அந்தப் பம்பை வாங்கி, கடையின் பின்கட்டில் இருந்த சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டாள். நாலு வாயிலும் டீசல் பூப்போலத் தூவியது. குறை பம்பில் இல்லை.

"இன்ஜின் என்ன இன்ஜின்?"

"நாலு சிலிண்டரு. பச்சைக் கலரு."

"கலரை விடுங்க. பெயின்ட் டப்பா கையில இருந்தா யானைக்குக்கூடப் பச்சை அடிக்கலாம். நம்பர் என்ன?"

"நம்பர் பிளேட்டே இல்லம்மா. நான் படகு வாங்கி பதினாலு வருஷம் ஆச்சு. அப்பவே கிடையாது. பழைய பம்புல இருந்த பிளேட்டும் எப்பவோ விழுந்துபோச்சு."

அவள் எழுந்து, ஒரு சுரண்டி, ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச் மூன்றையும் பையில் போட்டாள்.

"நீ போகணுமா? பல் வலியோட?" என்றார் வீட்டுக்காரர். "ஒரு போட்டோ அனுப்பச் சொன்னா ஆச்சு."

"முகத்தைப் பாத்துக் குடுத்ததுதானே இப்ப திரும்பி வந்திருக்கு?"

அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

படகின் இன்ஜின் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு உள்ளே போனாள். எண்ணெயும் ஈரமும் கலந்த வாசனை. பம்ப் உட்காரும் இடத்துக்குக் கீழே, இன்ஜினின் உடம்பிலேயே நம்பர் குத்தியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சுரண்டினாள். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சாம்பல், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. கடைசியில் இரும்பு தெரிந்தது. அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து விரலால் துடைத்ததும், பள்ளத்தில் தங்கிய வெள்ளைப் பொடியில் நம்பர் பளிச்சென்று எழுந்து வந்தது.

முதல் இரண்டு எண் மாடல். அடுத்தது சிலிண்டர். அதற்கடுத்தது செய்த வருஷம். எல்லாம் தெரிந்த முகங்கள். ஆனால் கடைசியில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மாடலில் அந்த எழுத்தை அவள் பார்த்ததில்லை. பல் வலியே மறந்துபோயிற்று.

கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், இன்ஜினின் முன்பக்கம் நகர்ந்து, பெல்ட் ஓடும் சக்கரத்தின் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"அண்ணே, சாவியை லேசா ஒரு தட்டு தட்டுங்க. உடனே விட்டுடுங்க."

மேலே இருந்த படகுக்காரர் தட்டினார். இன்ஜின் உறுமிவிட்டு நின்றது. வெள்ளைக் கோடு உச்சியிலிருந்து இடப்பக்கமாக இறங்கியிருந்தது.

"இன்னொரு தடவை!"

மறுபடியும் இடப்பக்கம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீங்கிய கன்னம் சுரீரென்று இழுத்தது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

படகுக்காரர் பதறிப்போய்க் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. இந்த மாடல் இன்ஜினை முன்னால நின்னு பாத்தா கடிகார முள்ளு மாதிரி வலப்பக்கம் சுத்தும். உங்களோடது இடப்பக்கம் சுத்துது! நேத்து குடுத்த பம்ப் வலச்சுத்து. தலைகீழா சுத்தினா அது எப்படி டீசலை இழுக்கும்?"

"இன்ஜின் எதுக்கும்மா இடப்பக்கம் சுத்தணும்?"

"இது ஏதோ பெரிய படகுல ஜோடியா இருந்திருக்கு. பின்னால தண்ணியைத் தள்ற விசிறி ரெண்டு இருக்கிற படகு. ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா படகு ஒரு பக்கமா இழுக்கும்னு, ஒண்ணை மட்டும் மாத்திச் செய்வாங்க. அந்த மாத்திச் செஞ்சதுதான் உங்ககிட்ட வந்திருக்கு."

படகுக்காரர் இன்ஜினைப் புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பதினாலு வருஷம் கூடவே குடித்தனம் பண்றேன். எனக்கே தெரியலையே!"

"அதுக்கென்னண்ணே, நான் இருபத்தெட்டு வருஷமா குடித்தனம் பண்றேன். இன்னிக்குக்கூடப் புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். கரையில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், தன்னைத்தான் சொல்கிறாள் என்று புரிந்து ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைக்கு வந்து பழைய கேட்லாக்கைப் பிரித்தாள். ஒட்டிக்கொண்ட அந்த எழுத்து, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: இடச்சுற்று. அதற்கான பம்ப் நம்பரும் இருந்தது. இனி அந்தப் பம்பைப் பிடிக்க வேண்டும்.

பதினோரு கடைகளுக்குப் போன் போட்டாள். "வலச்சுத்துதான் இருக்கு" என்றார்கள் சிலர். "அப்படி ஒரு பம்ப் கிடையவே கிடையாது" என்று அடித்துச் சொன்னார் ஒருவர். அவள் முதலில் கூப்பிட நினைத்த ஆள் ஒருத்தி உண்டு. ஆனால் அவள் போன் எத்தனை தடவை அடித்தாலும் பேச்சிலேயே இருந்தது. அது அதிசயமில்லை. அந்த மகராசி பேச ஆரம்பித்தால் ஊர்க்கதை முழுக்க ஓடும்.

கடலோரத்தில், ஏழு மணி நேரப் பயணத் தொலைவில், இதே மாதிரி ஒரு கடையை நடத்துகிறவள் அவள். பத்தொன்பது வருஷமாகப் போனில்தான் பழக்கம். முதலில் நம்பர் பேசினார்கள். பிறகு முட்டி வலி, மருமகன், தூக்கம் வராத கதை, மாவு புளிக்காத கதை எல்லாம் பேசினார்கள். நேரில் பார்த்ததே இல்லை. அவள் இவளை 'ஆத்தங்கரை' என்பாள். இவள் அவளைத் 'துறைமுகம்' என்பாள்.

மூன்று மணிக்கு ஒருவழியாக அந்தப் போனில் மணி அடித்தது.

"துறைமுகமா?"

"சொல்லு ஆத்தங்கரை, பல்லு எப்படி இருக்கு?"

"பல்லு கிடக்கட்டும். எழுதிக்கோ." நம்பரைச் சொன்னாள்.

மறுமுனையில் ஏணியை இழுக்கும் சத்தம், டப்பாக்கள் உருளும் சத்தம், யாரையோ திட்டும் சத்தம்.

"கிடைச்சுது. உடைக்கப் போட்ட படகு ஒண்ணுலேர்ந்து வாங்கினது. பிரிச்சுச் சுத்தம் பண்ணி, புது சீல் எல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

"பிளேட்டுல அம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

"இரு, கண்ணாடியைத் தேடறேன்... அடியேய்! இடப்பக்கம்டி!"

அதோடு விடவில்லை இருவரும். போல்ட் துளை எத்தனை, கியர் உட்காரும் தண்டு எவ்வளவு பருமன், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பார்த்தார்கள். ஆக்சிலரேட்டர் கம்பி மாட்டுகிற கை மட்டும் எதிர்ப்புறம் இருந்தது. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

"பஸ் பார்சல்ல அனுப்பிடறியா?"

"பார்சலா? இடப்பக்கம் சுத்தற இன்ஜினை நான் கண்ணால பாக்க வேண்டாமா? உன்னையும்தான். நானே கொண்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ் நிலையத்தில் நம்பரக்கா காத்திருந்தாள். அந்தக் கணீர்க் குரலை வைத்து ஒரு நெட்டையான, தாட்டியான உருவத்தை மனசில் வரைந்து வைத்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. தோள் உயரம்கூட இல்லாத ஒரு குட்டையான அம்மாள், மார்போடு ஒரு பெட்டியை அணைத்தபடி அவளைக் கடந்துபோய், டீக்கடைக்காரரிடம், "ஏன் தம்பி, இந்தப் பம்ப்..." என்று வாயைத் திறந்தாள்.

"துறைமுகம்!" என்று கத்திவிட்டாள் நம்பரக்கா.

அந்த அம்மாள் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள். "ஆத்தங்கரையா? நீ ஒல்லியா இருப்பேன்னு நினைச்சேனே!"

இருவரும் கட்டிக்கொண்டார்கள். நடுவில் பெட்டி நசுங்கியது. கீழே வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கையில் இருந்த பையைக்கூட இறக்காமல் நேரே படகுக்குப் போனார்கள். இரண்டு பெண்களும் அந்தத் தாழ்ந்த அறைக்குள் நுழைந்துகொள்ள, படகுக்காரருக்கு ஒரு கையை மட்டும் நீட்டத்தான் இடம் இருந்தது. கியரில் இருந்த புள்ளியும் பம்பில் இருந்த புள்ளியும் நேருக்கு நேர் வந்ததும் போல்ட்டை முடுக்கினார்கள். குழாய்களின் நட்டைத் தளர்த்திவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார்கள். முதலில் காற்று. பிறகு நுரை. பிறகு குபுக்கென்று டீசல்! துறைமுகத்தின் மூக்குக் கண்ணாடி முழுக்கத் தெறித்தது.

"நட்டை இறுக்கு, நட்டை இறுக்கு!" என்று துடைத்துக்கொள்ளாமலே கூவினாள்.

அடுத்த திருப்பலில் இன்ஜின் இருமியது, கருப்பாக ஒரு மூச்சு விட்டது, பிறகு தடதடவென்று சீராகப் பிடித்துக்கொண்டது. படகுக்காரருக்கு வாயெல்லாம் பல். ஓடிப்போய் ஹாரனை அழுத்தினார். அந்தச் சத்தம் கேட்டு அக்கரையில் ஆட்கள் வீட்டைவிட்டு இறங்கி வந்து கை ஆட்டினார்கள். நீச்சல் தெரியாததால் படகில் ஏறவே மாட்டேன் என்று கரையில் நின்ற வீட்டுக்காரர், தானே செய்து முடித்ததுபோல் பக்கத்தில் நின்றவர்களிடம், "இடச்சுத்துப் பம்பு. நம்ம கடையில எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனை ஓட்டத்துக்கு என்று இரண்டு பெண்களும் படகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அக்கரை வந்தது, ஜனங்கள் ஏறினார்கள். இக்கரை வந்தது, இறங்கினார்கள். நம்பரக்கா முட்டி வலிக்குப் புது டாக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். துறைமுகம் மருமகனைப் பற்றி ஆரம்பித்திருந்தாள்.

"அம்மா, கரை வந்தாச்சு. இறங்கலையா?" என்றார் படகுக்காரர்.

"இன்னும் பேச்சு முடியல. நீங்க ஓட்டுங்க" என்றாள் துறைமுகம்.

படகு மூன்றாவது நடைக்குத் திரும்பியது.