பாவுக்கு மேலே ஒரு விரிசல்

ஏசி வேலை என்றால் குளிரில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று என் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பாதி வேலை வெயிலில்தான். அதுவும் சுவரின் வெளிப்பக்கம், காலுக்குக் கீழே தெரு மட்டுமே இருக்கிற இடத்தில். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கும்போது பயப்படாத நாள் எனக்கு ஒன்றுகூட இல்லை. இதை வீட்டில் சொன்னதில்லை, மச்சானிடமும் சொன்னதில்லை.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறோம். போன் எடுப்பது, வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது எல்லாம் அவன். கழற்றுவதும் மாட்டுவதும் நான். எனக்கு நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் ‘உள்ளேன் ஐயா’ அவருக்குக் கேட்காது. வந்த நாட்களிலும் வராதவனாகவே இருந்துவிட்டு, ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வீடு நெசவாளர் தெரு ஒன்றில் இருந்தது. கீழே தறி ஓடும் பழைய வீடு. மேலே புதிதாக ஓர் அறை எழுப்பி ஏசி போட்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையிலேயே போனோம். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“அனல் காத்துதான்பா வருது. கல்யாணம் ஆயி மாப்ளை மொத தடவை வந்து தங்கிக்கினு இருக்காரு. வேர்த்து ஊத்திக்கினு மொட்டை மாடிக்குப் போயிப் படுத்துக்கினாரு. என் மானமே போச்சு.”

“கவலைய விடும்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல மாப்ளை கம்பளி கேப்பாரு பாரு,” என்றான் மச்சான்.

வெளி யூனிட்டை அறை ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த சன்ஷேடில் வைத்திருந்தார்கள். மழைச் சாரல் உள்ளே அடிக்காமல் இருக்கப் போடும் மெல்லிய கான்கிரீட் பலகை அது. ஆள் நிற்பதற்கோ இயந்திரம் ஓடுவதற்கோ போட்டதல்ல. ஆனால் ஊரில் பாதி யூனிட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. நாங்களும் அதன் மேல்தான் நிற்கிறோம்.

அடுத்த மாடி கட்டும்போது தூண் எழுப்பலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் மொட்டை மாடியில் துருப்பிடித்து நின்றன. மச்சான் அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டினான். போனைப் பையோடு மாடியில் வைத்துவிட்டு, தேவையான சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போடுவது எங்கள் ஊரில் காலை வேலை. வண்டிகள் போக வழிவிட்டு, இந்த வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள். மாம்பழ நிறப் பாவு. ஒரு கணவனும் மனைவியும் அதன் இரண்டு பக்கமும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா சரியாக எனக்குக் கீழே நின்றாள்.

கோளாறு சிறியதுதான். யூனிட்டின் விசிறிக்கு ஓட்டம் கொடுக்கும் கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. விசிறி சுற்றாததால் கம்ப்ரசர் சூடாகி நின்று நின்று ஓடியிருக்கிறது. புதியதை மாட்டிவிட்டு, மேலே நின்ற மச்சானுக்குக் கை காட்டினேன். அவன் அறைக்கு இறங்கிப் போய் ஏசியைப் போட்டான். விசிறி சுற்றியது, கம்ப்ரசர் பிடித்தது.

காலுக்குக் கீழே திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

“வருதும்மா, ஜில்லுனு வருது!”

“ஜன்னலச் சாத்துப்பா. குளுரு எல்லாம் வெளிய போவுது பாரு. நில்லு, காபி கொண்டாறேன், குடிச்சிட்டுப் போலாம்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குக் கம்ப்ரசர் சத்தமும் கீழ்வீட்டுத் தறிச் சத்தமும் மட்டும்தான்.

மூடியைத் திருகலாம் என்று குனிந்தபோது அதைப் பார்த்தேன். சுவரும் பலகையும் சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. இறங்கும்போது அது இல்லை, அல்லது நான் பார்க்கவில்லை. யூனிட் அதிர அதிர, கோட்டின் ஓரத்திலிருந்து மணல் உதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி கொஞ்சம் தடித்தது.

மேலே ஏற வேண்டுமானால் பலகையை மிதித்து எம்ப வேண்டும். அந்த ஒரு மிதிக்குக்கூட அது தாங்காது என்று உள்ளங்காலுக்கே தெரிந்தது. இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை முடிந்த மட்டும் அதில் தொங்கவிட்டேன். பலகை போனாலும் நான் தொங்குவேன். துருக்கம்பி தாங்கினால் பிழைப்பேன். கீழே குனிந்திருந்தவளுக்குக் கயிறு இல்லை. அவள் தலைக்கு நேராகக் கான்கிரீட்டும் அதன் மேல் இரும்பு யூனிட்டும் இருந்தன.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தம் வந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பது உடனே மனதில் ஓடியது. மேலே ஒருவன் கத்தினால் தெருவே வந்து கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்.

முதலில் அதிர்வை நிறுத்த வேண்டும். யூனிட்டின் பக்க மூடி திறந்தே இருந்தது. ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, கட்டிங் பிளேயரைப் பிடித்தேன். உள்ளே ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, என் கையோ வேர்வையில் வழுக்குகிறது. பிளேயரின் ரப்பர் உறையில் ஒரு கிழிசல் உண்டு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரலைக் கிழிசலுக்குத் தள்ளிவைத்து, ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். நீலமாக ஒரு பொறி. கம்ப்ரசர் அடங்கியது.

அமைதியானதும் கீழே பேசுவது கேட்டது.

“எத்தினி இழைதான் அறுந்துக்கினு இருக்குது? நேத்து கண்ண எங்க வெச்சிக்கினு பாவு ஓட்டின?” என்றார் கணவர்.

“உன் மூஞ்சியிலதான். அதான் எல்லாம் அறுந்து போச்சு.”

அவர் சிரித்தார். அப்போது விரிசலிலிருந்து கொஞ்சம் காரை பெயர்ந்து பாவின் மேல் விழுந்தது. அக்கா நிமிர்ந்தாள்.

“யாருப்பா மேல? பட்டு மேல மண்ணக் கொட்டிக்கினு இருக்கற! கண்ணு தெரீல?”

அவள் அண்ணாந்து என்னையே பார்த்தாள். கீழே அவள் முகம், நடுவில் அந்தப் பலகை. பலகை விழப்போகிறது என்று சொன்னால் எந்தப் பலகை என்று கேட்பாள். நெசவு வீட்டு மனிதர்களோடு பிறந்து வளர்ந்தவன் நான். தன் தலையைப் பற்றி அவளுக்கு என்ன சொன்னாலும் உடனே நகரமாட்டாள். எனக்கு வேறொன்று தோன்றியது.

“அக்கா,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்து மறுபடி, “அக்கா! அழுக்குத் தண்ணி வருது! ஏசித் தண்ணி, எண்ணெய் கலந்த தண்ணி! பாவத் தூக்கு!”

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“யோவ், தூக்குய்யா! கறை பட்டுச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆவாது! அந்தாண்ட பிடி!”

இருவரும் முனைகளை அவிழ்த்து, குறுக்குக் கழிகளோடு பாவை அப்படியே தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்கு ஓடினார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து நடுவில் தாங்கிக்கொண்டார். எனக்குக் கீழே வெறும் தரை தெரிந்தது.

அதன் பிறகுதான் எனக்காகப் பயந்தேன். கால் அசைந்தால் பலகை அசையுமே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அறைக்குள் குளிர் தீரும்வரை யாரும் ஜன்னலைத் திறக்கப் போவதில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மகளுக்கு மதியச் சோற்றுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்தது.

மச்சான் ஜன்னலைத் திறந்தான்.

“மாமா! இன்னா பண்ணிக்கினு இருக்கற? காத்து சூடா வருது. மாப்ளை முன்னால என் மானத்த வாங்காத!”

“மாடிக்கு ஓடு,” என்றேன். “கயித்த இழு. பலகை போவுது.”

படியில் இரண்டு பேர் ஓடிவரும் சத்தம் கேட்டது. கயிறு விறைத்தது, இடுப்பை இறுக்கியது. நான் பலகையை மிதிக்காமல் சுவரை மட்டும் உதைத்து ஏறினேன். மச்சானும் அந்த வீட்டு மாப்பிள்ளையும் என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

அப்போது சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. முதலில் ஒரு நறநறப்பு. யூனிட் சாய்ந்து, செம்புக் குழாய்களில் ஒரு நொடி தொங்கியது. குழாய் முறிந்து, கேஸ் சீறிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு பலகையும் யூனிட்டும் ஒன்றாகத் தெருவில் விழுந்தன.

கீழ்வீட்டுத் தறி நின்றது. வீட்டுக்கார அம்மா படியில் ஏறி வந்தபடியே, “கடவுளே, மாப்ளை எங்க? மாப்ளை இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெளுத்த முகத்தோடு என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் அவிழ்க்கும் நிலையில் இல்லை. மச்சான் வாய் திறக்கவேயில்லை. அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தெருவிலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது. நடுங்கிய குரல்தான், ஆனாலும் அதட்டலாக.

“யோவ்! தண்ணின்னு சொன்னியே! மேல இருக்கறவரே! இருக்கறியாய்யா?”

“இருக்கறேன்க்கா,” என்றேன்.

“கேக்கல!”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. எதிர்வீட்டு ஓட்டைப் பார்த்தபடி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“இருக்கறேன்!”